ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

கொருக்குப்பேட்டையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராமானுஜன் பெரிய பெரிய எண்களாக ஒரு பட்டியல் போட்டார், அதில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார் என்று எங்கள் கணக்கு வாத்தியார் சொன்னார். அது எந்த எண்? அதில் அப்படி என்ன விசேஷம்? ராமானுஜனே எப்படிக் கோட்டை விட்டார்?"

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 293318625600. பன்னிரண்டு இலக்கம். வாய்விட்டுப் படித்தால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பார்த்தால் ஏதோ மேம்பாலத்துக்கு விட்ட டெண்டர் தொகை மாதிரி இருக்கிறது. விசேஷம் உள்ளே இருக்கிறது.

அதற்கு முன்னால் காசிமேட்டுக்கு ஒரு நடை போய்வரலாம். விடிகாலையில் அங்கே மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், சில்லறை வியாபாரம் கூறு கணக்கில்தான் நடக்கும். தார்ப்பாயை விரித்து, மீனைச் சமமாகப் பிரித்து, கூறு கட்டி வைப்பார்கள். கூடையில் 60 சங்கரா இருக்கிறது என்று வையுங்கள். கூறுக்கு இரண்டு வைக்கலாம், மூன்று வைக்கலாம், நாலு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது என்று எப்படி வைத்தாலும் மிச்சம் நிற்காது. ஒவ்வொன்றாகவும் விற்கலாம், மொத்தமாகவும் தூக்கிக் கொடுக்கலாம். மொத்தம் பன்னிரண்டு விதம். அதே கூடையில் 61 இருந்தால் கதை கந்தல். 61 பகா எண். ஒவ்வொன்றாக விற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள் தலையில் கட்ட வேண்டும். இதை ஒரு தடவை, அங்கே நான் வழக்கமாக மீன் வாங்கும் வியாபாரி அக்காவிடம் சொன்னேன். "அறுபத்தொண்ணு இருந்தா ஒண்ணைத் தூக்கி எவனுக்காச்சும் கொசுறு போட்டுட்டுப் போறேன், இதுக்கு இன்னா கணக்கு?" என்றார். ஒரு எண்ணின் காரணி அமைப்பைச் சரிசெய்ய இதைவிடச் சுருக்கமான வழியை நான் எங்கேயும் படித்ததில்லை.

மிச்சமில்லாமல் எத்தனை விதமாகக் கூறு கட்டலாம் என்பதுதான் காரணிகளின் எண்ணிக்கை. 60-க்கு 12 காரணிகள். 60-க்குக் கீழே இருக்கும் எந்த எண்ணுக்கும் 12 கிடையாது, 48-க்கே 10-தான். இப்படித் தனக்குக் கீழே இருக்கும் அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிக்கிற எண்ணை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மிகு பகு எண் என்று சொல்வேன். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று போகும் வரிசை. 60-ஐ அடுத்து 120 வரைக்கும் யாரும் அந்தச் சாதனையை முறியடிப்பதில்லை. 72-ம் 84-ம் 12 காரணியோடு சமமாக வந்து நிற்கும், அவ்வளவுதான். சமம் போதாது, மிஞ்ச வேண்டும்.

நம் முன்னோர்கள் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை என்று வைத்ததும், வருஷப் பெயர்களை 60-க்கு ஒருமுறை சுழலவிட்டதும் இந்த எண்ணின் அருமை தெரிந்துதான் என்று எனக்குப் படுகிறது. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, எது கேட்டாலும் பின்னமில்லாமல் எடுத்துக் கொடுக்கலாம்.

ராமானுஜன் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டார். அவருக்கும் நம் வடசென்னைப் பக்கத்துக்கும் இருக்கும் தொடர்பை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்கெழுதிய காலம் அது. நாள் முழுக்க வகுத்தலும் மீதியும்தான். 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்தில் நெவாசா என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்து போனார். அடுத்த வருஷமே, 1915-இல், மிகு பகு எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். எழுதியதில் ஒரு பங்கு அப்போது அச்சேறவில்லை, கழகத்துக்குப் பணமுடை. அந்த மிச்சம் வெளியானது 1997-இல். ராயபுரத்தில் அவ்வை அகாடமி வளாகத்தில், கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. தம்பி, உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான், ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அந்தக் கட்டுரையில்தான் பட்டியல். நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணி, எந்தெந்தப் பகா எண்ணால் ஆனது என்ற விவரத்தோடு, 6746328388800 வரைக்கும். கால்குலேட்டர் கிடையாது, எல்லாம் கையால் போட்டது. அதில் ஒன்றே ஒன்று குறைகிறது.

சரி, எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகளை மட்டும் படித்தால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வருகிறது, எங்கேயும் ஏறவில்லை. மிகு பகு எண் என்றால் இப்படித்தான் இருந்தாக வேண்டும். காரணம் சுலபம்: 18-ஐ எடுங்கள். 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3, அதாவது 12. இரண்டுக்கும் ஆறே ஆறு காரணிகள்தான், ஆனால் 12 சின்னது. சின்ன எண்ணே அந்த வேலையைச் செய்யும்போது 18 எதற்கு? அதனால் பெரிய அடுக்கு எப்போதும் சின்னப் பகா எண்ணின் தோளில்தான் ஏறும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-தான், 4-ம் 36-ம் மட்டும் விலக்கு என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார்.

காரணி எண்ணுவது எப்படி? ஒரு காரணி செய்ய வேண்டும் என்றால் நம்மிடம் இருக்கும் சரக்கிலிருந்து ஆறு 2-களில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். எதுவுமே எடுக்காமலும் விடலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கு 3, 7-க்கு 3, மற்ற நாலுக்கும் "எடு, எடுக்காதே" என்று இரண்டிரண்டு. பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இருபத்தொன்பதாயிரம் கோடி மீனை 5040 விதமாகக் கூறு கட்டலாம் என்று அர்த்தம். அதற்குக் கீழே எந்தக் குவியலுக்கும் இந்த யோகம் கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1-லிருந்து 50 வரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போங்கள். 22 வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. 23-இல் முதல் முட்டுக்கட்டை, மீதி 17 நிற்கும். அதற்கப்புறம் 29, 31, 37, 41, 43, 46, 47. அவ்வளவுதான். ஐம்பதில் எட்டு மட்டும் வகுக்காது, மற்ற நாற்பத்திரண்டும் வகுக்கும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். கோடி, லட்சத்தை மறந்துவிட்டு மும்மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 293, 318, 625, 600. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுங்கள். 293-ம் 625-ம் சேர்ந்தால் 918. 318-ம் 600-ம் சேர்ந்தாலும் 918. இரண்டும் சமம் என்றால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13. டியூஷனில் இதைப் பலகையில் எழுதியதும் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து உட்கார்ந்து, "இது செட்டப்பு சார்" என்றான். செட்டப்பு இல்லை. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு, அதனால் ஒவ்வொரு மூன்று இலக்கத் துண்டும் கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது தட்டுப்பட்டது. இந்த எண்ணின் காரணிகள் 5040 என்றால் 2520 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பெரியது, ஒன்று சின்னது, பெருக்கினால் நம் எண். இதில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான ஜோடி எது? வர்க்கமூலம் எடுத்தால் 541589-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. 541589-ஐ வர்க்கப்படுத்தினால் 293318644921. நம் எண்ணைக் கழித்தால் மீதி 19321. அதை உற்றுப் பார்த்தால், அது 139-இன் வர்க்கம்! எட்டாம் வகுப்பில் படித்த a²−b² சூத்திரம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது: 541589-இலிருந்து 139-ஐக் கழித்தால் 541450, கூட்டினால் 541728. பெருக்கிப் பாருங்கள், சரியாக 293318625600. முதல் அடியிலேயே பிடிபட்டதால் இதைவிட நெருக்கமான ஜோடி இருக்கவும் முடியாது. ஒரு சென்டிமீட்டர் சதுரமான ஓடுகளை அத்தனை எடுத்துப் பதித்தால் ஒரு பக்கம் 5414.5 மீட்டர், இன்னொரு பக்கம் 5417.28 மீட்டர். அஞ்சரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பக்கம், இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மீட்டர்கூட இல்லை. ஒரு ஓடும் மிஞ்சாது.

5040-ஐயும் சும்மா விடக்கூடாது. அதுவே ஒரு மிகு பகு எண். பிளேட்டோ தன் கற்பனை நகரத்தில் 5040 குடும்பத்தலைவர்கள் இருக்கட்டும் என்றார். நிலத்தையும் வேலையையும் பங்குபோட வசதி என்பதுதான் அவர் சொன்ன காரணம். 5040-க்கு எத்தனை காரணி? 60. நம் நாழிகைக் கணக்கு, காசிமேட்டுக் கூடை. 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. எல்லாமே அதே வரிசையில் இருக்கும் எண்கள். 4-க்கு 3 என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது, 3 அந்த வரிசையில் இல்லை.

இப்போது தம்பியின் மூன்றாவது கேள்வி. எப்படி விட்டுப்போனது? ராமானுஜன் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை, ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஊகம் கிடைக்கிறது. முன்னாலும் பின்னாலும் நிற்கும் இரண்டு எண்களோடு சேர்த்து எழுதுகிறேன்.

240940299600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 4800

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5040

321253732800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23, காரணிகள் 5376

மேலே இருப்பதிலும் கீழே இருப்பதிலும் 23 இருக்கிறது, 7 ஒற்றையாக இருக்கிறது. நடுவில் இருப்பதில் மட்டும் 23 இல்லை, 7 இரட்டிப்பாகிவிட்டது. வரிசை ஏற ஏற ஒரு புதிய பகா எண் உள்ளே வந்தால், அது நிரந்தரமாகத் தங்கிவிடும் என்றுதான் மனசு எதிர்பார்க்கும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. புதுசாக வந்தது கொஞ்ச நாள் எட்டிப்பார்த்துவிட்டு வெளியே போகும், மறுபடி வரும். இந்த எண்ணுக்குப் போக, 23-ஐத் தூக்கி எறிந்துவிட்டு அதற்குப் பதிலாக இரண்டு 2-ஐயும் ஒரு 7-ஐயும் சேர்க்க வேண்டும். 23-க்குப் பதில் 28. எண் கொஞ்சம் பெரிதாகிறது. காரணிக் கணக்கோ, 23 போனதால் பாதியாகி, 2-இன் பங்கில் ஐந்துக்கு ஏழாகவும், 7-இன் பங்கில் இரண்டுக்கு மூன்றாகவும் ஏறி, கடைசியில் இருபதுக்கு இருபத்தொன்று என்ற சின்ன லாபத்தில் முடிகிறது. 4800-க்கு 5040. இருபதில் ஒரு பங்கு லாபத்துக்காக ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. கையால் தேடுகிறவர் கண்ணுக்கு இது தப்புவதில் ஆச்சரியம் இல்லை.

இடைவெளியாவது காட்டிக்கொடுத்திருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள விகிதம் கச்சிதமாக மூன்றுக்கு நாலு. அதே பட்டியலில் 7560-க்கு அடுத்து 10080 வருகிறது, அங்கேயும் மூன்றுக்கு நாலுதான். 5040-க்கு அடுத்தது 7560, அங்கே இன்னும் அகலம், இரண்டுக்கு மூன்று. ஆக 240940299600-க்கு அப்புறம் நேராக 321253732800 என்று எழுதினால் நடுவில் பள்ளம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவன். ஒரு தடவை உர மூட்டை அடுக்குகளை எண்ணி எழுதிக் கொடுத்தேன், மறுநாள் லாரிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால், இரண்டு உயரமான அடுக்குகளுக்கு நடுவில் ஒன்று கொஞ்சம் உள்வாங்கி நின்றிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் வரிசை முழுசாகத்தான் தெரியும். கிட்டே போய், பக்கவாட்டில் கை விட்டால்தான் தட்டுப்படும். அன்றைக்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ராமானுஜன் விட்டது அந்த மாதிரி அடுக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேற்றத்தில் தப்பில்லை, தேடலில் ஒரு மூலை விட்டுப்போனது.

இன்றைக்கு இதைச் சோதிக்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. போன மாதம் என்னிடம் படிக்கும் ஒரு பெண், வியாசர்பாடியிலிருந்து வருகிறவள், பைத்தானில் இருபது வரிக்குள் நிரல் எழுதிக் காட்டினாள். எல்லா எண்ணையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை; அடுக்குகள் படிக்கட்டாக இறங்கும் எண்களை மட்டும் உண்டாக்கு, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு, காரணிச் சாதனை முறியும்போதெல்லாம் அச்சிடு. தட்டிய மறுகணமே முழுப் பட்டியலும் திரையில் ஓடியது, நடுவில் நம்ம ஆளும் நின்றார். "இவ்ளோதானா சார்?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அந்தப் படிக்கட்டு விதியை ராமானுஜன் நிரூபித்துக் கொடுத்ததால்தான் உன் நிரல் இருபது வரியில் முடிந்தது என்று சொல்லி வைத்தேன்.

தம்பி, உங்களிடம் கணினி இல்லை என்றாலும் பரவாயில்லை, காகிதமும் பேனாவும் போதும். ராமானுஜன் பட்டியலின் கடைசி வரியில் இருப்பது 6746328388800, அதற்கு 10080 காரணிகள். அதை 23-ஆல் நீள்வகுத்தல் போட்டுப் பாருங்கள். மீதி வராது. ஈவாக வருவது 293318625600.